இந்த இடம் விற்பனைக்கு அல்ல

தன்னைப் பார்த்து நாலு பேர் சிரித்தால் அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொள்ளும் மனிதர் ஒருவர் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்தார். சிட்லபாக்கத்தில், ஏரிக்கு இரண்டு தெரு தள்ளி. நான் கல்யாணமாகி அந்தத் தெருவுக்குப் போனபோதே அவருக்கு ஐம்பது வயது தாண்டியிருந்தது. திருமுடிவாக்கத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் பர்ச்சேஸ் ஆபீசர். காலை ஏழரைக்குப் பழைய ஸ்கூட்டரை ஒரு பக்கம் சாய்த்துப் பிடித்து, நிமிர்த்தி, உதைத்துக் கிளப்புவார். தெருவில் எல்லோரும் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். அதனாலேயே அவர் ஸ்கூட்டரை மாற்றவில்லை என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

குடிபோன முதல் வாரமே காம்பவுண்டுச் சுவருக்கு மேலாக அவர் எனக்குத் தன் கதையைச் சொல்லிவிட்டார்.

"நாங்க இங்க கிரவுண்டு வாங்கினப்ப எங்க அண்ணன் என்ன சொன்னான் தெரியுமாம்மா? 'ஏரிக்குள்ள இடம் வாங்கியிருக்கே, அப்படியே ஒரு படகும் வாங்கிடு'ன்னான். கல்யாணப் பந்தி. உக்காந்திருந்த அத்தனை பேரும் சிரிச்சாங்க. எனக்கு சாப்பாடு எறங்கல. பத்து வருஷம் கழிச்சு அதே அண்ணன் வந்து, 'உன் பக்கத்துல ஏதாச்சும் காலி மனை இருக்குதா'ன்னு கேக்கறான்."

இந்தக் கதையை நான் முப்பது முறையாவது கேட்டிருப்பேன். ஊரே வேண்டாமென்று சொல்லி, தான் மட்டும் செய்து, அது ஒரே ஒரு முறை பலித்துவிட்ட மனிதரை அதற்குப் பிறகு யாராலும் திருத்த முடியாது. மழைக்காலத்தில் எங்கள் தெருவில் முழங்காலளவு தண்ணீர் நிற்கும் நாட்களில் மட்டும் அவர் இந்தக் கதையைச் சொல்லமாட்டார்.

பந்தியில் பட்ட அவமானத்திலிருந்து அவர் ஒரு சித்தாந்தத்தை உண்டாக்கி வைத்திருந்தார். "சிரிக்கிறாங்களா, வாங்கு. சிரிப்பு நின்னுடுச்சா, வித்துடு." இதில் முதல் பாதியை மட்டும்தான் அவர் வாழ்க்கையில் கடைப்பிடித்தார். தேக்கு மரத் திட்டம் ஒன்றில் பணம் போட்டுத் தொலைத்ததைக் கேட்டால், "அதுல போட்டப்ப ஒருத்தரும் சிரிக்கலம்மா. எல்லாரும் மரியாதையா தலையாட்டினாங்க. அப்பவே நான் சுதாரிச்சிருக்கணும்" என்பார். தெருவிலேயே முதல் ஆளாக பேஜர் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்ததையும் அது இரண்டே வருஷத்தில் பொம்மையாகிப் போனதையும் நினைவூட்டினால் அதற்கும் பதில் இருந்தது. "அது சிரிப்பு இல்லம்மா. பொறாமை."

அவர் மனைவியை நான் ஆன்ட்டி என்று கூப்பிடுவேன். சர்ச்சில் கொயரில் பாடுவார். பேச்சில் ஒரு சொல்கூட அதிகமாக வராது. அவருக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆசை இருந்தது. மொட்டைமாடியில் ஓர் அறை எழுப்பி, தடுத்து ஒரு சின்னச் சமையலறை வைத்து, அதை வாடகைக்கு விடவேண்டும். வீடு கட்டியபோதே அதற்காக விட்டுவைத்த கம்பிகள் நான்கு மூலையிலும் துருப்பிடித்து நின்றன. கம்பி நுனியில் மழை இறங்காதிருக்க ஆன்ட்டி பிளாஸ்டிக் பாட்டில்களைக் கவிழ்த்து வைத்திருந்தார். ஒவ்வொரு வருஷமும் வெயிலில் அவை பொடிந்துபோகும். அவரும் புதிது மாற்றுவார். என் சமையலறை ஜன்னலைத் திறந்தால் அந்தப் பாட்டில்கள்தான் முதலில் தெரியும்.

அமெரிக்காவில் பேங்க் விழுந்த வருஷம் என் வேலை போனது. பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு மென்பொருள் கம்பெனி. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் முப்பது பேரை ஓர் அறைக்குள் கூப்பிட்டு, தண்ணீர் பாட்டிலும் கடிதமும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். என் கணவரிடம் சொன்னேன். மாமியாரிடம் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த நாளே ஊரிலிருந்து மூன்று பேர் துக்கம் விசாரிக்க வருவார்கள். எனவே தினமும் காலையில் அத்தை கட்டிக்கொடுத்த டிபன் பாக்ஸோடு கிளம்பி, சானடோரியம் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்து வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அங்கே பிளைவுட் பலகையால் ஆறு தடுப்புகள். இரண்டாம் நாள் பக்கத்துத் தடுப்பிலிருந்து ஒரு செருமல் கேட்டது. தினமும் விடியற்காலையில் காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் கேட்கும் அதே செருமல்.

"என்னம்மா, ஆபீஸ் லீவா?"

"ஆமா அங்கிள். உங்களுக்கு?"

"எனக்கும்தான்."

நாலாம் நாளும் எங்கள் இருவருக்கும் லீவாக இருந்தது. ஐந்தாம் நாள் அவர் தன் டிபன் பாக்ஸைத் திறந்து என் பக்கம் தள்ளினார். "லெமன் சாதம். வீட்ல நல்லா செய்வாங்க" என்றார். அதோடு பொய் முடிந்தது. கார் விற்கவில்லை, உதிரிபாகம் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. ஐம்பது தாண்டியவர்களுக்கெல்லாம் செட்டில்மென்ட் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். இரண்டு பேரும் சாப்பிட்டோம். அவர் உடனே வியாபாரத்துக்கு வந்தார்.

"எங்க முதலாளி வெப்சைட்டுக்குப் பணம் கட்ட மறந்துட்டாரும்மா. எவனோ ஒருத்தன் அடுத்த நாளே அந்தப் பேரை வாங்கிட்டான். அதைத் திருப்பி வாங்க ஒரு லேத் மெஷின் விலை குடுத்தோம். வவுச்சர் எழுதினதே நான்தான். வெறும் பேரும்மா அது. கையில தொட முடியாது, கால் வெச்சு நிக்க முடியாது."

"இப்ப நல்ல பேரெல்லாம் போயிடுச்சே அங்கிள்."

"இங்கிலீஷ்ல போயிடுச்சு. தமிழ்ல போய்ப் பாருங்க. அந்தக் காலத்து சிட்லபாக்கம் மாதிரி காலியாக் கெடக்கு."

அது உண்மைதான். டாட் காமுக்கு முன்னால் தமிழ் எழுத்திலேயே பெயர் வைத்துப் பதிவுசெய்யலாம் என்ற வசதி வந்து சில வருஷமாகியிருந்தது. வாங்கத்தான் ஆளில்லை. எனக்கு வேலையில்லை, நேரம் நிறைய இருந்தது. ஆங்கில எழுத்தை அடித்தால் தமிழில் விழும் மென்பொருள் ஒன்றை இறக்கி, அவருக்கு ஒற்றை விரலால் அடிக்கக் கற்றுக்கொடுத்தேன். மறுநாளிலிருந்து பெயர்கள் வாங்க ஆரம்பித்தோம்.

எந்தப் பெயரை வாங்குவது என்று தீர்மானித்தவர் பிரவுசிங் சென்டர் கடைக்காரர். அவருக்கு அது தெரியாது. முப்பது வயதிருக்கும், மேற்கு தாம்பரத்துக்காரர், பேருந்து இரைச்சலையும் மீறிக் கேட்கும் குரல். அங்கிள் ஒரு பெயரை உரக்கப் படிப்பார். கடைக்காரர் சிரித்தால் வாங்குவோம்.

"இன்னா சார் இது, மூட்டுவலி டாட் காமா? மூட்டு வலிக்கிறவன் தைலம் தேச்சுக்கினு படுத்துக்கினு இருப்பான். அவன் எந்திரிச்சு வந்து இத்தை அடிப்பானா?"

அங்கிள் என் பக்கம் திரும்பி, "சிரிச்சிட்டாரு. போடும்மா" என்பார்.

ஊறுகாய் என்ற பெயருக்குக் கடைக்காரர், "அது நல்ல பேர் சார், ஓடும்" என்றார். அங்கிள் முகம் சுருங்கிவிட்டது. அதை விட்டுவிட்டோம். வாடகைவீடு என்ற பெயரைப் படித்தபோதுதான் கடையே அதிர்ந்தது.

"வாடகைக்கு வூடு தேடறவன் டீக்கடையில கேப்பான், பொட்டி வெச்சிக்கினு துணி தேய்க்கிறவன்கிட்ட கேப்பான். கம்ப்யூட்டரையா கேப்பான்? சும்மா இருக்க முடியாம துட்டை வேஸ்ட் பண்ணிக்கினு கீறீங்களே சார்."

மற்ற தடுப்புகளில் இருந்தவர்களும் சிரித்தார்கள். அங்கிளுக்குப் பூரிப்பு தாங்கவில்லை. எல்லாப் பெயருக்கும் இரண்டு வருஷம் சேர்த்துக் கட்டும் பழக்கம் அவருக்கு; அதை அவர் வீட்டுவரி என்பார். கடைக்காரரின் கார்டில், கடைக்காரரின் மின்னஞ்சல் முகவரியில்தான் எல்லாமே பதிவாயின. அது சரியில்லை என்று அங்கிளுக்குத் தோன்றாதது நியாயம். எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

அந்தக் கடையின் பழைய கம்ப்யூட்டர்களில் தமிழ்ப் பெயரை அடித்து எண்டர் தட்டினால், மேலே முகவரிக் கட்டத்தில் தமிழ் மறைந்து எக்ஸ், என், இரண்டு சின்னக் கோடு, அதன் பின்னால் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்து வரிசை ஒன்று வந்து நிற்கும். பயந்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார். "கரெக்டா இருக்குதும்மா. ஜனங்களுக்குத் தெருப் பேரு. பத்திரத்துல சர்வே நம்பர்" என்றார். ஒரு லாங் சைஸ் நோட்டில் அந்த சர்வே நம்பர்களை எழுத்துக்கு எழுத்து பார்த்து எழுதி வைத்துக்கொண்டார். பெயர்கள் முந்நூறைத் தாண்டியபோது இரண்டாவது நோட்டு வாங்கினார்.

எங்கள் பக்கத்தில் காலிமனை வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஞாயிற்றுக்கிழமையானால் போய் மனையைப் பார்த்துவிட்டு வருவார்கள். எல்லைக்கல் இருக்கிறதா, யாராவது குடிசை போட்டுவிட்டார்களா, மண் அள்ளிவிட்டார்களா என்று ஒரு சுற்று. அங்கிளும் இரண்டாவது ஆராதனை முடிந்ததும் பைபிளோடு நேராகக் கடைக்கு வருவார். நோட்டைப் பிரித்து வைத்து ஒவ்வொரு பெயராக அடித்துப் பார்ப்பார். வெறும் வெள்ளைப் பக்கம் வந்தால் திருப்தியோடு டிக் அடிப்பார். இப்படி ஒருநாள் பார்த்துக்கொண்டிருந்தவர், "போர்டு வைக்கணும்மா" என்றார்.

எந்த போர்டு என்று நான் கேட்கவில்லை. முடிச்சூர் முதல் மேடவாக்கம் வரை காலிமனைதோறும் நிற்கும் அந்த மஞ்சள் போர்டுதான். ஆள் இல்லாத மனையைப் போலிப் பத்திரம் போட்டு யாராவது விற்றுவிடாமலிருக்க, சொந்தக்காரர்கள் வைப்பது. நான் மஞ்சள் பின்னணியில் கறுப்பு எழுத்தில் அதை அப்படியே ஒரு வெப் பக்கமாகச் செய்து, எல்லாப் பெயர்களிலும் ஏற்றிக் கொடுத்தேன்: இந்த இடம் தனியாருக்குச் சொந்தமானது. விற்பனைக்கு அல்ல. அத்துமீறி நுழைபவர்கள் தண்டிக்கப்படுவார்கள். கீழே இரண்டு கம்பிகள் கூட வரைந்தேன். அந்தப் பத்து மாதத்தில் நான் செய்த ஒரே வேலை அது.

"அங்கிள், விக்கிறதுக்குத்தானே வாங்கினீங்க? விற்பனைக்குன்னு போட்டு உங்க போன் நம்பரைக் குடுத்தா என்ன?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "விற்பனைக்குன்னு போர்டு போட்ட அன்னைக்கே மனை விலை பாதியாயிடும்மா. போன் நம்பர் போட்டா புரோக்கர்தான் பேசுவான். நெசமாவே வேணும்ங்கறவன் அக்கம்பக்கத்துல விசாரிச்சுக்கிட்டு வீட்டுக்கே வருவான்."

"இன்டர்நெட்ல அக்கம்பக்கம் எங்க அங்கிள் இருக்கு?"

"ஏன், நீங்க இல்லையா?" என்றார். நான் சிரித்தேன். அதையும் அவர் நல்ல சகுனமாகவே எடுத்துக்கொண்டிருப்பார்.

வேலை போனதை ஆன்ட்டிக்குத் தெரியாமல் ஐந்து மாதம் காப்பாற்றிவிட்டதாக அவர் நினைத்திருந்தார். ஒருநாள் நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது ஆன்ட்டி சுவரருகே வந்து நின்றார்.

"இன்னைக்கும் ரெண்டு பேரும் கடைக்குத்தானே?"

கையிலிருந்த துணியை உதறிக் கொடியில் போட்டேன்.

"கம்பெனிக்குப் போனா டிபன் பாக்ஸ்ல கிரீஸ் வாசனை வரும்மா. தேய்ச்சாலும் போகாது. மாசக்கணக்கா வரல. நீயும் போறதில்லைன்னு தெரியும். உங்க மாமியார்கிட்ட சொல்லல." சற்று நேரம் மொட்டைமாடியைப் பார்த்தார். "எனக்கு அந்தப் பேரெல்லாம் புரியலம்மா. வாடகைவீடுன்னு பேரை வாங்கி வெச்சிருக்காராம். வாடகைக்கு விட வீட்டைக் கட்டுங்கன்னா அடுத்த வருஷம்ங்கறாரு. பாஸ்புக்கைப் பார்த்தேன், செட்டில்மென்ட்ல பாதி போச்சு. மீதியும் போயிட்டா எங்களுக்கு என்னம்மா இருக்கு? மேல ஒரு ரூம் வந்துட்டா மாசாமாசம் அரிசிக்காவது ஆகும்."

அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அன்று மாலையே அங்கிளிடம் பேசவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். பேசவில்லை. அவர் பக்கத்துத் தடுப்பில் இல்லாவிட்டால் அந்த மாதங்களை நான் எப்படித் தள்ளியிருப்பேன் என்று தெரியவில்லை. எனக்கு ஒவ்வொரு மறுப்புக் கடிதம் வரும்போதும், "உங்களைப் பார்த்து சிரிக்கிறாங்களா? அப்ப நீங்க மேல வருவீங்க" என்று சொன்ன ஒரே மனிதர் அவர்.

மழைக்காலம் வருவதற்கு முன் இரண்டு விஷயங்கள் நடந்தன. கடைக்காரர் பிரவுசிங் சென்டரை மூடிவிட்டு, கீழ்க்கட்டளையில் செல்போன் ரீசார்ஜ் கடை வைத்தார். எனக்கு கிண்டியில் வேலை கிடைத்தது. வீடு, மனை விளம்பரங்களுக்கு வெப்சைட் நடத்தும் புதுக் கம்பெனி. இடையில் பத்து மாதம் என்ன செய்தீர்கள் என்று நேர்முகத்தில் கேட்டதற்கு, "ஃப்ரீலான்ஸ் டிசைனிங்" என்று சொல்லியிருந்தேன்.

கடை மூடியதில் அங்கிள் வாடிப்போனார். "யாரும் சிரிக்கவே மாட்டேங்கறாங்கம்மா. சர்ச்ல சொன்னேன். அப்படியான்னு கேட்டுட்டுப் போறாங்க" என்றார். சிரிப்பில்லாமல் அவருக்குத் தன் பெயர்கள்மேலேயே நம்பிக்கை போய்விட்டது. ஆன்ட்டி அந்த நேரம் பார்த்துப் பேசியிருப்பார் என்று நினைக்கிறேன். ஒரு சனிக்கிழமை அவர்கள் வாசலில் ஒரு லோடு செங்கல் இறங்கியது. கொத்தனார் மொட்டைமாடிக்குப் போய்க் கம்பிகளைத் தட்டிப் பார்த்துவிட்டு, தேறும் என்று சொல்லிப் போனார். ஆன்ட்டி பிளாஸ்டிக் பாட்டில்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பக்கெட்டில் போட்டதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கொயர் பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஆபீசில் மீட்டிங். நான் சேர்ந்து இரண்டாவது வாரம். எங்கள் சைட்டைத் தமிழில் கொண்டுவருகிறோம், அதற்குப் பெயர் வேண்டும் என்றார் மேனேஜர். சுவரில் புரொஜெக்டர் ஒளி விழுந்தது. மஞ்சள் போர்டு. கறுப்பு எழுத்து. நான் வரைந்த இரண்டு கம்பிகள்.

"வாடகைவீடு டாட் காம். நமக்குன்னே வெச்ச பேர். யாரோ வாங்கி போர்டு நட்டு வெச்சிருக்கான் பாருங்க."

"உள்ள போனா தண்டிப்பாராம்பா."

அறை முழுக்கச் சிரித்தது. மேனேஜரும் சிரித்துவிட்டுச் சொன்னார்: "டைரக்டருக்கு இந்தப் பேர்தான் வேணும். நல்ல ரேட்டே சொல்லியிருக்காரு. பதிவுல இருக்கிற அட்ரஸுக்கு மூணு மெயில் போட்டோம், பதில் இல்ல. விற்பனைக்கு இல்லைன்னு வேற எழுதியிருக்கான். இந்த ஆளை யாருக்காவது தெரியுமா?"

பதிவில் இருந்தது கடைக்காரரின் முகவரி; கடையை மூடியவர் அந்த மெயிலைத் திறந்தே பார்த்திருக்கமாட்டார். மேனேஜர் சொன்ன தொகைக்கு மாடியில் ஓர் அறை இல்லை, இரண்டு அறை எழுப்பலாம். நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். இவர் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் என்றால், அடுத்த கேள்வி இந்த போர்டை யார் செய்தது என்பதாகத்தான் இருக்கும் என்று பட்டது. என் ஃப்ரீலான்ஸ் டிசைனிங் அந்தச் சுவரில் ஆளுயரத்துக்கு நின்றுகொண்டிருந்தது. எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நானும் சிரித்தேன். ஒரு வாரம் பார்த்துவிட்டு வேறு பெயருக்குப் போய்விடலாம் என்று முடிவானது.

ஞாயிற்றுக்கிழமை அங்கிள் செங்கல் அடுக்கின்மேல் உட்கார்ந்திருந்தார். மடியில் அந்த நோட்டு. மறுநாள் காலை கொத்தனார் வருவதாக இருந்தது. ஒரு வருஷத்தில் பத்து வயது கூடினவர்போல இருந்தார். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"அங்கிள், எங்க ஆபீஸ்ல உங்க போர்டைப் பார்த்தாங்க."

அவர் தலையைத் தூக்கினார். "எந்த போர்டு?"

"வாடகைவீடு."

"பார்த்துட்டு?"

அந்த இடத்தில் எனக்குத் தைரியம் போய்விட்டது. வெள்ளிக்கிழமையே ஏன் சொல்லவில்லை என்று கேட்பாரே என்ற ஒரு பயம்தான். பொய் சொல்லவும் மனம் வரவில்லை. உண்மையில் பாதியை எடுத்தேன்.

"சிரிச்சாங்க அங்கிள்."

"எத்தனை பேரு?"

"பத்துப் பன்னெண்டு பேர் இருக்கும்."

"நல்லா சிரிச்சாங்களா?"

"நல்லா சிரிச்சாங்க."

அவர் எழுந்து நின்றார். வேட்டியில் ஒட்டியிருந்த செங்கல் தூளைத் தட்டிவிட்டுக்கொண்டார். முகத்தில் பழைய வெளிச்சம் வந்திருந்தது. "கிண்டியிலயே சிரிக்கிறாங்கன்னா இன்னும் டைம் இருக்குதும்மா. நான்தான் அவசரப்பட்டுட்டேன்" என்றார். ஸ்கூட்டரைச் சாய்த்து, நிமிர்த்தி, உதைத்தார். கீழ்க்கட்டளைக்குப் போய்க் கடைக்காரரைப் பிடித்து, எல்லாப் பெயருக்கும் இன்னும் இரண்டு வருஷத்துக்கு வரி கட்டிவிட்டுச் சாயங்காலம்தான் திரும்பி வந்தார்.

மறுநாள் கொத்தனார் வந்து, வாசலிலேயே பேசிவிட்டுத் திரும்பிப் போனார். அதற்கடுத்த வெள்ளிக்கிழமை எங்கள் கம்பெனி வேறு பெயரை வாங்கியது. செங்கல் அங்கேயே இருந்தது. மழை பிடித்துக்கொண்டு அடியில் பாசி படர ஆரம்பித்தது.

ஒருநாள் மழை விட்டிருந்த சமயம், ஆன்ட்டி மொட்டைமாடியில் கம்பிகளுக்குத் திரும்பவும் பாட்டில் கவிழ்த்துக்கொண்டிருந்தார். நான் துணி எடுக்க மேலே போயிருந்தேன். என்னைப் பார்த்ததும் சுவரோரமாக வந்தார்.

"எல்லாம் சரின்னு ஒத்துக்கிட்டாரும்மா. யாரோ ஆபீஸ்ல பன்னெண்டு பேரு அவரு போர்டைப் பார்த்துச் சிரிச்சாங்களாம். அதோட மனசு மாறிட்டாரு." கையிலிருந்த பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அவங்கல்லாம் யாரும்மா? உனக்குத் தெரியுமா?"

"தெரியல ஆன்ட்டி" என்றேன்.